‘நம்ம ஊரு வீடு மாதிரி’ சென்னையில் கட்ட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் இருந்துகொண்டு கட்டட வேலை பார்க்கிறேன். தாத்தா சுண்ணாம்பு அரைத்த கொத்தனார், அப்பா சிமெண்ட் குழைத்த கொத்தனார், நான் பிளான் போடுகிற எஞ்சினியர். கல்யாணத்துக்கும் குலதெய்வப் படைப்புக்கும் ஊருக்கு வருகிறவர்களில் வருஷத்துக்குப் பத்துப் பேராவது என்னைத் தேடி வந்து, சென்னையில் ஒரு மனை இருக்கிறது, அதில் ‘நம்ம ஊரு வீடு மாதிரி, கரண்டு பில்லு கம்மியா, இயற்கையா’ ஒன்று கட்ட வேண்டும் என்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

செட்டிநாட்டுப் பாணியில் கட்டினால் அது சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடாகிவிடுமா?

ஆகாது. முதல் பதிலே ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை எழுந்த அந்த வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. ஒரு தெருவில் தலைவாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் ஒரு வீட்டுக்குள் சின்னக் காடே தூணாகவும் உத்தரமாகவும் நிற்கிறது. இன்று அப்படி ஒன்றைப் புதிதாகக் கட்டிவிட்டு அதற்குப் பசுமை வீடு என்று பெயர் வைத்தால் அது பொய்.

அதே வீட்டில் பகட்டுக்காகச் செய்தவை உண்டு, வெயிலையும் மழையையும் நினைத்துச் செய்தவையும் உண்டு. தேக்கும் பளிங்கும் சரவிளக்கும் பகட்டு. முற்றம், திண்ணை, நாட்டு ஓடு, சுண்ணாம்பு, மடை, ஊரணி எல்லாம் வெயிலுக்கும் மழைக்கும் போட்ட கணக்கு. சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியது இந்தக் கணக்கைத்தான். ஆனால் பெரும்பாலானோர் லாரியில் ஏற்றிக்கொண்டு போவது ரெண்டு தூணும் ஒரு கதவும்.

சித்திரை வெயிலிலும் அந்த வீடுகள் குளுகுளுவென்று இருக்கின்றனவே, எப்படி?

மத்தியானம் இரண்டு மணிக்குக் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு வீட்டின் முகப்பில் ஏறிப் பாருங்கள். தெரு கொதிக்கும். திண்ணைக்கு வந்ததும் ஒரு படி குறையும். முற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் நுழைந்தால் இன்னொரு படி குறையும். பட்டாலை என்கிற கூடத்தில் பாய் விரித்துப் படுத்தால் தூக்கம் வரும். நேர்கோட்டில் வாசலுக்கு வாசல் வைத்திருப்பதால் முகப்பில் நின்றால் பின்கட்டு வெளிச்சம் தெரியும். பார்வை போகிற வழியில் காற்றும் போகும். முற்றத்தின் தரையில் சூடாகும் காற்று மேலே எழும்பி வானத்துக்குப் போக, அந்த இடத்தை நிரப்ப நிழலில் கிடக்கும் அறைகளின் வழியாக வேறு காற்று வரும். வீட்டுக்குப் புகைபோக்கி வைத்த மாதிரி.

மேலே நாட்டு ஓடு, அதுவும் ஒரு வரிசை அல்ல, அடுக்கடுக்காக. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் சிக்கிக்கொண்ட காற்று வெயிலை எளிதில் கீழே இறங்க விடாது. கனத்த சுவர்கள் பகல் முழுக்கச் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு ராத்திரியில் விடும். ராத்திரி வீட்டார் முற்றத்திலோ மாடியிலோ படுப்பார்கள், ஆகவே சுவர் எதை விட்டால் என்ன.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கனமான சுவர் வேலை செய்ய வேண்டுமென்றால் ராத்திரி குளிர வேண்டும். எங்கள் பக்கம் காற்றில் ஈரம் குறைவு, ராத்திரி சூடு ஓரளவு இறங்கும். சென்னையில் மே மாத ராத்திரியும் புழுக்கம்தான். அங்கே ஒன்றரை அடிச் சுவர் எழுப்பினால் பகல் சூட்டைப் படுக்கையறைக்கு எடுத்து வைத்துக்கொள்வீர்கள், வேறு பலன் இல்லை. சென்னைக்குத் தேவை கனம் அல்ல. நிழலும் ஓடுகிற காற்றும்தான். ஊர் வீட்டை அப்படியே நகல் எடுக்காதீர்கள் என்று நான் தலையால் அடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

என் மனை அரை கிரவுண்டு. அதில் முற்றம் வைத்தால் வீட்டுக்கு இடம் எங்கே?

அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி. சுற்றிலும் விதிப்படி இடம் விட்டபின் கையில் நிற்பதைப் பார்த்தால், ஊர் வளவு மாதிரி கல்யாணம் நடத்தும் முற்றம் வைக்க முடியாதுதான். தேவையும் இல்லை. ஆறடிக்கு எட்டடி போதும். வீட்டின் நடுவில் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாடிப்படியைச் சுற்றிய கூண்டையே முற்றமாக்கலாம். படிக்கட்டு எப்படியும் இடத்தைப் பிடிக்கப் போகிறது, அதன் உச்சியில் நாலு பக்கமும் காற்றுப் போக்கி வைத்துவிட்டால் கீழ்த்தளத்துச் சூடான காற்று அந்த வழியே ஏறி வெளியேறும்.

சென்னையில் ஒரு வீட்டுக்கு நானே பிளான் போட்டேன். அழகான முற்றம். கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது நன்றாக இருந்தது. மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது, கொசு வருகிறது, திருடன் பயம் என்று வீட்டுக்காரர் மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு இறுக்கமாக மூடிவிட்டார். அடுத்த கோடையில் போன் வந்தது. “அண்ணே, உங்க முத்தம் அடுப்பாட்டம் எரியுது.” எரியாமல்? வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாத கண்ணாடிப் பெட்டியைச் செய்துவிட்டு முற்றத்தைக் குறை சொன்னால்? ஷீட்டை ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் கொசுவலை அடித்து, அதன் மேல் வெளியே நீண்ட சரிவு கொடுத்தோம். பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. தப்பு என்னுடையதும்தான். மழை, கொசு, திருடன் மூன்றுக்கும் முதல் நாளே பதில் வைத்திருக்க வேண்டும். இரும்புக் கம்பி வலையும் கொசுவலையும் பிளானிலேயே வந்துவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாலிகார்பனேட்தான் வரும்.

மேற்குப் பார்த்த மனை. ராசியில்லை என்கிறார்கள். மாற்றி வாங்கலாமா?

ராசி எனக்குத் தெரியாது, வெயில் தெரியும். சென்னையில் கஷ்டம் கொடுப்பது மேற்குச் சுவர். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை தாழ்ந்து வரும் வெயிலைச் சன்ஷேடு தடுக்காது, அது நேராக நெஞ்சில் அடிக்கும். சந்தேகமிருந்தால் இரவு எட்டு மணிக்கு மேற்குச் சுவரின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள்.

அதனால் மேற்கில் படுக்கையறை வைக்காதீர்கள். படிக்கட்டு, கழிப்பறை, ஸ்டோர், துணி அலமாரி இவற்றை அந்தப் பக்கம் தள்ளுங்கள். வெயில் வாங்குவதற்கென்றே சில அறைகள் இருக்கட்டும். முடிந்தால் மேற்கில் ஒரு வேம்போ புங்கையோ வையுங்கள். தெற்கு வெயில் சாது. உயரத்திலிருந்து வருவதால் இரண்டடி நீட்டலிலேயே அடங்கிவிடும். பலருக்குத் தெரியாதது வடக்கு. சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கேதான் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே வரும். வடக்கு ஜன்னலுக்கு நிழலே வேண்டாம் என்று சொல்கிற எஞ்சினியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஊரில் தெருக்களை வடக்குத் தெற்காகவும் வீடுகளைக் கிழக்கு மேற்காகவும் நீட்டியிருப்பதால் ஒவ்வொரு வீட்டின் நீண்ட பக்கமும் அடுத்த வீட்டின் நிழலில் நிற்கிறது. மேற்கு வெயில் விழுவது குறுகிய பின்பக்கத்தில் மட்டும். ஊரே சேர்ந்து போட்ட கணக்கு அது. தனி மனைக்காரரால் தெருவைத் திருப்ப முடியாது, அறைகளைத் திருப்பலாம்.

ஜன்னல் எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும்?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் வீடுகளுக்கென்று ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. புழுக்கமான ஊர்களில், திறந்து மூடும் ஜன்னலின் பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. அடுத்து வருவதுதான் சிக்கல்: ஸ்லைடிங் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். 20 சதுர அடி ஸ்லைடிங் போட்டால் காற்றுக்குக் கிடைப்பது 10. பழைய மரச் சட்டம் போட்டு முழுதாகத் திறக்கும் ஜன்னலே இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவரில் ஒன்று ஒன்றாக வையுங்கள். சென்னையில் மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் கடல் காற்றுக்கு உள்ளே வர ஒரு வழியும், வெளியே போக ஒரு வழியும் வேண்டும்.

முழுச் சுவரையும் கண்ணாடியாக்கும் ஆசை இருந்தால் கண்ணாடி அலுவலகங்கள் நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் மத்தியானம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். குளிர் நாட்டில் வெயிலை உள்ளே இழுக்கச் செய்த ஏற்பாட்டை இங்கே வைத்துவிட்டு, அந்த வெயிலைத் துரத்த நாள் முழுக்க ஏசி ஓட்டுகிறார்கள்.

மொட்டை மாடிச் சூடு தாங்கவில்லை. என்ன செய்யலாம்?

மேல்மாடி வீட்டில் விழும் வெயிலில் பெரும்பங்கு தலைக்கு மேலேதான். ஆகவே காசு குறைவாக இருந்தால் முதலில் கூரைக்குச் செலவழியுங்கள், சுவருக்குப் பிறகு.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டோடு பதிக்கும் பழைய வழக்கம் நம் கொத்தனார்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று அவசரத்தில் அதை விட்டுவிட்டு வாட்டர் புரூஃப் ரசாயனம் மட்டும் அடித்துவிட்டுப் போகிறார்கள். தண்ணீர் கீழே இறங்காது, சூடு இறங்கும். ஏற்கெனவே கட்டின வீடென்றால் மிக மலிவான வழி வெள்ளை. சுண்ணாம்பை இரண்டு கை அடித்தாலே கீழே வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் தொல்லை. வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை, ஆனால் அழுக்குப் படிந்தால் அதுவும் வேலை செய்யாது. துடைக்க வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஃபில்லர் ஸ்லாப் பற்றி எஞ்சினியரிடம் கேளுங்கள். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதி பாரம் தாங்குவதில் பங்கெடுப்பதில்லை. கம்பியைப் பிடித்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. கம்பிகளுக்கு இடையில் அந்த இடத்தில் ஓடுகளை வைத்துவிட்டு மிச்சத்தைக் கான்கிரீட்டால் நிரப்பினால் சிமெண்டும் குறையும், எடையும் குறையும். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இதைப் பரவலாக்கினார். கீழே இருந்து பார்த்தால் ஓடு தெரியும். சிலருக்கு அழகு, சில மாமியார்களுக்கு ‘பூசாமல் விட்ட வீடு’. கணக்குத் தெரிந்த எஞ்சினியர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

சுவருக்கு எந்தக் கல் நல்லது?

சூளைச் செங்கல்லுக்கு வயல் மண்ணும் விறகும் போகிறது. ஃபிளை ஆஷ் கல்லைச் சுட வேண்டியதில்லை, அனல் மின்நிலையச் சாம்பலில் செய்கிறார்கள். ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி விட்டுச் செய்த கான்கிரீட் கல், எடை குறைவு, சூட்டையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் ஆணி அடிக்க அலமாரி மாட்டத் தனி ஏற்பாடு வேண்டும். ஆரோவில் பக்கம் அழுத்திச் செய்யும் மண் கல்லை நல்ல மேஸ்திரி கிடைத்தால் பயன்படுத்தலாம். சென்னையில் கிடைப்பதுதான் பிரச்சினை.

செங்கல்லே போதும் என்பவர்கள் எலிப்பொறிக் கட்டு கட்டலாம். கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாகும், நடுவிலிருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். கல் கோணல்மாணல் இல்லாமல் இருக்க வேண்டும்.

உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. ஆகவே எந்தக் கல் என்பதைவிட எவ்வளவு சிமெண்ட் என்பதே பெரிய கேள்வி. கடையில் ஓபிசி என்ற சாதா சிமெண்ட் கேட்காமல் பிபிசி என்ற கலப்புச் சிமெண்ட் கேளுங்கள், அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃபிளை ஆஷ்தான். இதனால் செலவு அதிகமாகாது. இன்னும் நேர்மையாகச் சொன்னால், மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு ஐந்து படுக்கையறை கேட்பதை விட்டாலே எந்தக் கல்லும் தராத மிச்சம் கிடைக்கும். இதைச் சொல்லி இரண்டு வேலை போயிருக்கிறது எனக்கு.

முட்டை சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு இப்போதும் செய்கிறார்களா? செய்யலாமா?

செய்கிறார்கள், ஆள் குறைவு. சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவைத்து, நைசாக அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து, கை மேல் கை பூசி, கடைசிக் கைக்கு முட்டை வெள்ளைக்கரு விட்டுக் கூழாங்கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். நூறு வருஷம் கழித்தும் முகம் பார்க்கலாம் போலிருக்கும். ‘எங்க வீடு சைவம் தம்பி, முட்டை ஆகாது’ என்று ஓர் ஆச்சி சொன்னார்கள். கடுக்காயும் வெல்லமும் மட்டும் போட்டு முடித்தோம். மினுக்கம் ஒரு மாற்று குறைவு, வேறு குறை இல்லை.

சூழலுக்கு இது நல்லதா என்றால், ஆம். சிமெண்டுக்குச் சூளையில் 1,450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக்குச் சுமார் 900 டிகிரி போதும். சுவரில் ஏறியபின் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெதுவாகத் திரும்ப உறிஞ்சித்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. சுடும்போது விட்டதில் ஒரு பகுதியை அது திருப்பி எடுத்துக்கொள்ளும். ஈரத்தையும் உள்வாங்கி வெளிவிடும். ஆனால் வேலை மெதுவாக நடக்கும். மூன்று மாதத்தில் சாவி வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது. வீடு முழுக்க வேண்டாம், ஹாலுக்கும் ஒரு படுக்கையறைக்கும் செய்யுங்கள்.

ஆத்தங்குடித் தளக்கல் பற்றி?

கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, வெயிலில் காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. சூளை இல்லை, ஆகவே விறகும் எரிவாயுவும் இல்லை. சிமெண்ட் இருக்கிறது, அதை மறக்க வேண்டாம்.

சென்னைக்கு அனுப்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், எலுமிச்சைச் சாறு சிந்தினால் உடனே துடையுங்கள், கறை பிடித்தால் போகாது. பதித்த புதிதில் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வாருங்கள். அப்புறம் காலடியே மெருகேற்றும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் இந்தக் கல் மங்கும், புழங்கும் வீட்டில் மின்னும்.

காரைக்குடியில் பழைய தூணும் கதவும் வாங்கி வைத்தால் மறுபயன்பாடுதானே?

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்பவை பெரும்பாலும் யாரோ இடித்த வீட்டின் பாகங்கள். ஏற்கெனவே பிரித்ததை விறகாகாமல் காப்பாற்றுவது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்க ஆள் இருப்பதால்தான் இடிக்கவும் மனசு வருகிறது. வாங்கினால் வேலை வாங்குங்கள். கதவைக் கதவாக மாட்டுங்கள், தூணின் மேல் உத்தரத்தை ஏற்றுங்கள். கான்கிரீட் தூணுக்குப் பக்கத்தில் தேக்குத் தூணைச் சும்மா நிறுத்தி வைப்பது மாப்பிள்ளைத் தோழனை மணமேடையில் உட்காரவைத்த மாதிரி.

பிரித்த வீட்டை மரியாதையாகத் திரும்ப எழுப்புவது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏசியே வேண்டாமா?

வேண்டும். சென்னை மே மாதத்தில் முற்றத்தை மட்டும் நம்பி இரு என்று வயசானவர்களிடம் சொல்ல எனக்கு மனசு வராது. நன்றாக நிழல் கட்டிய வீட்டில் ஏசி ஓடும் மாதங்களும் மணிகளும் குறையும், அதுதான் லாபம். 24 டிகிரியில் வைத்து மேலே ஃபேன் போடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. ஏர் கூலர் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரம் ஊற்றும், அப்பளம் நமுத்துப்போவதுதான் மிச்சம்.

மழைநீர்த் தொட்டி எல்லோரும் கட்டியிருக்கிறார்களே, அது போதாதா?

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது. கட்டினார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்த மூடியைத் திறந்து பார்த்தார்கள்? வண்டல் அடைத்துக் கல்லாகிக் கிடக்கும் குழிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் 1,30,000 லிட்டர். ஆவியாவதும் வழிவதும் போக லட்சம் லிட்டர் என்று வையுங்கள். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் நாலு பேருக்கு ஆறு மாதத் தண்ணீர். ஆனால் அது ஆறு மாதத்தில் பிரித்துப் பெய்யாது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பேய்மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. நம் 1,000 சதுர அடி மாடியில் மட்டும் அன்றைக்குச் சுமார் 46,000 லிட்டர், நாலு லாரித் தண்ணீர். அதே சென்னையில் 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். இடையில் மூன்றரை வருஷம்.

வற்றாத ஆறு இல்லாத எங்கள் சீமையில் இதை வேறு மாதிரி பார்த்தார்கள். ஓட்டுச் சரிவில் இறங்கும் மழை நேராக வளவு முற்றத்துக்கு வரும். முதல் மழையில் ஓட்டு அழுக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு அண்டாவையும் கிடாரத்தையும் கொண்டுபோய் வைப்பார்கள். மிச்சம் மடை வழியே தெருவுக்குப் போய், கால்வாய் வழியே ஊரணியில் சேரும். ஊரணிக்குச் செம்புராங்கல் படி. வீடு, தெரு, ஊரணி மூன்றும் ஒரே குழாய்வேலை. எங்கள் அப்பத்தா தாம்பாளத்தை முற்றத்தில் வைத்துவிட்டு ‘மொத மழைய ஊருக்கு விடு, மறுமழைய வீட்டுக்கு எடு’ என்பார்.

சென்னை மனைக்கும் அதே வரிசைதான். முதல் மழையை வெளியே தள்ள ஒரு திருகு, அடுத்து மணல் வடிகட்டி, அடுத்து ஐந்தாயிரம் பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தரைத்தொட்டி, தொட்டி நிரம்பி வழிவது பழைய கிணற்றுக்கு. மனையில் கிணறு இருந்தால் தயவுசெய்து தூர்க்காதீர்கள். பல இடங்களில் முதல் நாள் வேலையே கிணற்றை மூடுவதாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் சிமெண்ட் போட்டு மெழுகாதீர்கள், கார் நிற்கும் இடத்தில்கூட இடைவெளி விட்ட கல் போடலாம். குளித்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்புங்கள். ஆடிக்குள் வடிகட்டி மணலைக் கழுவி வையுங்கள். ஐப்பசியில் மழை கொட்டும்போது மேஸ்திரி கிடைக்கமாட்டார்.

சோலார்?

போடுங்கள், ஆனால் கடைசியில். முதலில் தேவையைக் குறைத்துவிட்டுப் பிறகு பலகை வாங்கினால் சின்னதே போதும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் விழாத இடம், நாளுக்குச் சராசரி நாலு யூனிட். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பலகையைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் மாடிக்கு நிழலும் ஆகும்.

பசுமைச் சான்றிதழ் வாங்கின அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கலாமா?

ஐஜிபிசி, கிரிஹா என்ற இரண்டு பசுமைச் சான்றுகளும் நாட்டில் பரவலானவை. முன்னது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்றும் பின்னது நட்சத்திரமாகவும் தரும். வெறும் விளம்பரம் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் பல கட்டடங்களில் அது வரைபட நிலையில் கொடுத்த முன்சான்றாக இருக்கும், முடித்தபின் கொடுத்த சான்றைக் கேளுங்கள். அப்புறம் நீங்கள் வாங்கப்போகும் அதே ஃபிளாட்டுக்கு மத்தியானம் நாலு மணிக்குப் போய் நில்லுங்கள். எந்தப் பக்கம் வெயில், எத்தனை சுவரில் ஜன்னல், குளியலறை ஜன்னல் வானத்துக்கா, குழாய்ப் பொந்துக்கா. சான்றிதழ் முழுக் கட்டடத்துக்கு, தூங்கப் போவது ஒரு மூலையில்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி அல்லது வெட்டிவேர்த் தட்டி. உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் நிற்கும், சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்தாயிற்று. வெளியே தடுக்க வேண்டும். மாடி உங்கள் தலைக்கு மேலேதான் என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு நீங்களே சுண்ணாம்பு அடித்துவிடுங்கள், ஒரு மாத மின்கட்டணத்தில் முடியும் வேலை.

ஊரில் ஐயா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. அதை விற்றுச் சென்னையில் பசுமை வீடு கட்டலாம் என்று இருக்கிறோம்.

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் சூடாகப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு எரித்த விறகும் வெட்டிய தேக்கும் நூறு வருஷத்துக்கு முன்பே செலவாகிவிட்டன. இனி அது கேட்பது பராமரிப்பு மட்டும். அதை இடித்துவிட்டுக் கட்டுகிற எந்தப் புது வீடும், பிளாட்டினமே வாங்கினாலும், கடனோடுதான் தொடங்கும். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியல் எதையும் இடிக்காமல் தடுக்காது, பங்காளிகள்தான் தடுக்க முடியும். பத்துப் பங்காளி, பத்துச் சாவி, யாரும் ஓடு மாற்றவில்லை என்பதுதான் பல வீடுகளின் கதை.

விற்காமல் வைக்க முடிவு செய்தால் பெரிய திருப்பணி எதுவும் இப்போது வேண்டாம். சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்ட இடத்தில் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், பிளாஸ்டிக் பெயிண்டும் அடிக்காதீர்கள். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பக்கத்திலிருக்கும் நல்ல சுண்ணாம்பையும் உப்புப் பூத்து உதிர்க்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். வளவு மடையில் பெருச்சாளி கட்டிய மண்ணை எடுத்துவிடுங்கள், மாதம் ஒருநாள் யாரையாவது விட்டுக் கதவுகளைத் திறந்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கூரை. உடைந்த ஓடு ஒன்று போதும், அதன் கீழிருக்கும் சட்டத்தில் கரையான் ஏற. ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பங்காளிகளிடம் பேசி, புரட்டாசி பிறப்பதற்குள் ஆளை ஏற்றிவிடுங்கள்.